மூன்று மூக்குத்திகள்

கள்ளனைப் பிடிக்கப் பொறுமை வேண்டும் என்று எவளாவது சொன்னால் தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை எதற்கு, கை வேகம் போதும். வாழைப்பூவின் மடலை உரித்து, உள்ளே சீப்பு மாதிரி அடுக்கியிருக்கும் பூக்களைக் கொத்தாக எடுத்து, ஒவ்வொன்றின் வாயையும் நகத்தால் லேசாகத் திறந்தால், மற்ற நரம்புகளுக்கு நடுவில் தலையில் குமிழ் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் விறைத்து நிற்கும், அதுதான் கள்ளன், அதை ஒரு இழு, கூடவே ஒட்டியிருக்கும் கண்ணாடிச் செதிலை ஒரு கிள்ளு, கிண்ணத்தில் போடு, அடுத்தது. ஒன்று தப்பினாலும் போச்சு, எவ்வளவு வேகவைத்தாலும் வேகாமல் பொரியலுக்குள் உட்கார்ந்திருக்கும், ஞானசம்பந்தம் அதைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து ஒன்றும் சொல்லமாட்டார், முப்பத்தைந்து வருஷமாக ஒன்றும் சொல்லாமலேதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷன். ஆனால் இன்றைக்குக் கை ஓடவில்லை. விரல்களில் நல்லெண்ணெய் தடவியும் கறை ஏறிவிட்டது. ஒரே பூவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தமயந்திக்கே தெரியவில்லை, ஏனென்றால் காது இங்கே இல்லை, காது, மூடியிருந்த அந்த அறைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மருமகள் ஜூனாலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இருக்கிற பெரிய பெரிய ஆட்களுக்கு ஒரே ஒரு படத்தைக் காட்டி, இது நிஜம்தான், நிஜம்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் ஒத்துக்கொண்டால் ஜூனாலிக்கு ஜப்பானில் இரண்டு வருஷ வேலை, அடுத்த மாதமே புறப்பட வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் படம் குப்பை, நாலு வருஷ உழைப்பில் பாதி குப்பை, பெண் இங்கேயே இருப்பாள், இதே பெரம்பூரில், இதே சாப்பாட்டு மேஜையில், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இதில் எது நடக்கவேண்டும் என்று தமயந்தியைக் கேட்டால், கேட்கிறவனுக்கு வாய் கிழியும், ஏனென்றால் பதில் அவளிடம் இல்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு நின்றபோதுகூட, என்ன கேட்பது என்று தெரியாமல், ஏதோ மளிகைக்கடையில் சாமான் பேர் மறந்த மாதிரி முருகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் "பார்த்துச் செய்யி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிளம்பருக்குச் சொல்கிற மாதிரி.

"முடிஞ்சிதா?" என்று ஞானசம்பந்தம் நாற்காலியிலிருந்து கேட்டார், பேப்பரை இறக்காமலே. "மூச்சு விடாதீங்க" என்றாள் அவள். மிக்சி கிடையாது, டிவி கிடையாது, அழைப்பு மணியின் ஒயரைக் காலையிலேயே பிடுங்கிவிட்டாள், இஸ்திரி போடுகிறவனுக்கு வாசலிலேயே துணியைக் கொடுத்து இன்றைக்கு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லியாயிற்று. உள்ளே இங்கிலீஷ் குரல்கள், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல. நடுவில் ஜூனாலியின் குரல் மட்டும் தெரிந்தது, மெல்லிசாக, ஆனால் நடுங்காமல். அந்தக் குரலை இந்த ஒரு வாரமாக இதே மேஜையில் தமயந்தி கேட்டிருக்கிறாள், தோசைக்கல்லின் முன்னால் முதுகைக் காட்டி நின்றபடியே கேட்டிருக்கிறாள், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது அவளுக்கே பாதி மனப்பாடம். ஜெர்மன்காரி ஒருத்தி இருக்கிறாளாம், ஆனலீஸ் என்று பெயர், அவள் வாய் திறந்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்களாம், அவள் கண்டிப்பாக ஒரு கேள்வி கேட்பாள், இந்த மூன்று புள்ளியும் ஒன்றோடொன்று உண்மையிலேயே கோத்திருக்கிறதா, இல்லை, தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த வெவ்வேறு கோடுகளா என்று. "நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்" என்று தமயந்தி சொன்னாள். "தெரியும் அத்தை, அதனாலதான் உங்க முன்னாடி பேசிப் பார்க்கறேன்" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல், இந்தப் பெண் ஜோக்கைச் சிரிக்காமல் சொல்லும், அதுதான் இவளிடம் தமயந்திக்கு முதலில் பிடித்தது, இல்லை, முதலில் எதுவும் பிடிக்கவில்லை, அது பிறகு.

எமல்ஷன் என்றால் தமயந்திக்குத் தெரிந்தது சுவருக்கு அடிக்கிற பெயின்ட். இவர்கள் சொல்லும் எமல்ஷன் வேறு, அந்தக் காலத்து போட்டோ பிலிமில் தடவியிருப்பார்களே அதே பசை, ஆனால் கெட்டியாக, அடுக்கடுக்காகத் தகடு போட்டு, அதற்குள் ஜப்பானில் ஒரு பெரிய இயந்திரத்திலிருந்து துகள்களைப் பாய்ச்சுவார்களாம். பாய்கிற ஒவ்வொன்றும் பசைக்குள் தான் போன வழியைக் கறுப்புப் பொடிக்கோடாக விட்டுவிட்டுப் போகும். புழுதியில் பாம்பு போன தடம் மாதிரி. பிறகு பிலிம் கழுவுவது போலத் தகட்டைக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் படம் படமாக எடுத்து, கோடிக்கணக்கில் குவித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் எதற்கு, ஒரு விசித்திரத்தைத் தேட. எல்லா அணுவின் கருவிலும் இரண்டே ஜாதி, புரோட்டான், நியூட்ரான். எங்கேயோ எப்போதோ ஒரு கருவுக்குள் மூன்றாவது ஜாதி ஒன்று நுழைந்துவிடும், லாம்டா என்று அதற்குப் பெயர், விசித்திரத் துகள் என்றே வகை வைத்திருக்கிறார்கள். அது நுழைந்த கரு கண் சிமிட்டுவதற்குள், கண் சிமிட்டுவதாவது, அந்தச் சிமிட்டலைக் கோடி கோடியாகக் கிழித்தால் வருகிற துணுக்குக்குள் செத்துப்போகும். அதற்குள் அது நகர்ந்த தூரம் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அந்தத் துளித் தடத்தைத்தான் தேடவேண்டும். "வேற வேலை இல்லையா உங்களுக்கெல்லாம்" என்று தமயந்தி முதல் நாள் கேட்டாள். "இல்லை அத்தை, இதுதான் வேலை" என்றாள் ஜூனாலி. அந்தப் பசை எதில் செய்கிறது என்று கேட்டுவைத்ததுதான் தப்பு, மாட்டு எலும்பிலிருந்து என்று அவள் சொல்ல, பரம்பரைச் சைவமான தமயந்தி நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துக்கொண்டாள். "படத்துலதானே பார்க்கறோம், தொடலியே" என்று ஞானசம்பந்தம்தான் தீர்ப்பு சொன்னார். தமயந்தி எதற்கும் இருக்கட்டும் என்று அன்று சாயங்காலம் இன்னொரு முறை குளித்தாள்.

அவளையும் இதில் இழுத்துவிட்டது முழங்கால் வலி. மாடிப்படி ஏறாதே, தரையில் உட்காராதே என்று டாக்டர் சொன்ன அந்த மழைக்காலத்தில், சும்மா உட்கார்ந்து எல்லாரையும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவளிடம் ஜூனாலி வந்து, "அத்தை, எனக்கு வேணாம்னு சொல்ற ஆள் வேணும்" என்றாள். கம்ப்யூட்டர் தானாகவே படங்களைப் பொறுக்கித் தருமாம், ஆனால் அதற்கு ஆசை அதிகம், எதைப் பார்த்தாலும் இதுவா இதுவா என்று தூக்கிக்கொண்டு வரும், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சொத்தை, அதைச் சொத்தை என்று சொல்ல மனிதக் கண் வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே பெண்களை உட்கார வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து பார்ப்பவர்களும் உண்டு, ஒரு பரீட்சை மாதிரி வைப்பார்கள், தேறினால் போதும். "வேணாம்னு சொல்றதுல இந்த உலகத்துல உங்க அத்தையை யாரும் ஜெயிக்க முடியாது" என்று ஞானசம்பந்தம் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். தேறினாள். அந்த ஊரிலிருந்து டமயந்தி-சான் என்று விளித்து ஒரு மரியாதைக் கடிதம் வந்தது. அதற்கப்புறம் தினமும் மத்தியானம் சாப்பாடு ஆனதும், வேணாம் என்பதற்கு ஒரு பொத்தான், பார்க்கலாம் என்பதற்கு ஒரு பொத்தான், அவள் விரல் முதல் பொத்தானிலேயே குடியிருந்தது. பெயர்கள்கூட வைத்துவிட்டாள். ஒரு புள்ளியிலிருந்து நாலைந்து குச்சிகள் கிளம்பினால் அது மூக்குத்தி, பசைக்குள்ளேயே இயல்பாக இருக்கிற தோரியம் சிதைகிறபோது வருவது, அதுதான் எல்லாரையும் ஏமாற்றும், வேணாம். ஒரு பக்கமாகப் பீய்ச்சியடித்தால் துடைப்பம், வேணாம். சும்மா வளைந்து போனால் மயிர், வேணாம். இந்தப் பெயர்களெல்லாம் ஜப்பான் வரைக்கும் போய்விட்டதாம், அங்கே ஒரு பேராசிரியர் மொரிகாவா, கிழவர், "முக்குட்டி" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாராம்.

அந்தப் படம் வந்த அன்றைக்கும் விரல் வேணாமின் மேல்தான் இருந்தது.  மூக்குத்திதான், சந்தேகமே இல்லை, பார்த்துச் சலித்த அதே மூக்குத்தி, பொத்தானை அழுத்த விரல் இறங்கிக்கொண்டிருந்த அந்த நிமிஷம் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, கொண்டைக்கடலை, எத்தனாவது விசில் என்ற கணக்கு விட்டுப்போன பதைப்பில் முழங்காலையும் மறந்து எழுந்து ஓடினாள். படம் அப்படியே நின்றது. தண்ணீர் குடிக்க வந்த ஜூனாலி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள். "அத்தை" என்றாள். குரல் சரியில்லாததால் கரண்டியோடு ஓடிவந்தாள் தமயந்தி. "இந்த மூக்குத்தியிலிருந்து ஒரு நூல் கிளம்புது பாருங்க. குட்டி நூல். அது போய் எங்க நிக்குது?" இன்னொரு மூக்குத்தியில். "அதுலேர்ந்து?" இன்னொரு நூல். இன்னொரு மூக்குத்தி. கோத்துவைத்த மாதிரி மூன்று. வந்து நின்றது ஒரு துகள், அங்கே பிறந்தது இரண்டு விசித்திரங்களை உள்ளே வைத்த ஒரு கரு, அது கொஞ்சம் போய் ஒரு விசித்திரத்தை இழந்து உடைந்தது, மிச்சம் இன்னும் கொஞ்சம் போய் அடுத்ததையும் இழந்து உடைந்தது. உலகத்திலேயே இப்படித் தெளிவாகப் பார்த்ததைக் கைவிரலில் எண்ணிவிடலாமாம். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதது. "கடலை குழைஞ்சிடுச்சு" என்றாள் தமயந்தி, வேறென்ன சொல்வது. ராத்திரி சாப்பிடும்போது ஞானசம்பந்தம், "அப்ப கண்டுபிடிச்சது குக்கர்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கை கழுவும்போது, விசில் ஒரு நொடி தள்ளி அடித்திருந்தால் என்று நினைத்தாள், குழாயை மூட மறந்து நின்றாள்.

இப்படியேதான் இவளும் வந்தாள். இதை யாரிடமும் தமயந்தி சொன்னதில்லை, சொன்னால் ஞானசம்பந்தம் அதற்கும் ஒன்று சொல்வார். மகன் நவநீதன், அப்பா ரயில்வேயில் வாங்கித் தந்த வேலையை வேண்டாம் என்று உதறிவிட்டுப் பிசிக்ஸ் படிக்கிறேன் என்று கௌஹாத்திக்குப் போனவன், போன இடத்தில் ஒரு அஸ்ஸாமியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு காலை நேரத்தில் கதவைத் தட்டினான். தமயந்தி கதவைத் திறந்தாள். சின்னக் கண், சப்பை மூக்கு, தோளில் பெரிய பை, காலில் கயிறு கட்டிய ஷூ. வேண்டாம் என்ற சொல் தமயந்தியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, வாய் திறந்தாயிற்று. அப்போது அந்தப் பெண் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தது, கண் விரிந்தது, பையைப் போட்டது, ஷூவோடு, ஷூவோடு!, கூடத்தைத் தாண்டி, சாமி அறையைத் தாண்டி, நேராகச் சமையலறைக்குள் ஓடி அடுப்பை அணைத்தது. பால் பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. ஒரு சொட்டு வழியவில்லை. "ஷூவைக் கழட்டுடி!" என்று தமயந்தி கத்தினாள், இந்த வீட்டில் மருமகளுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அதுதான். அந்தக் கத்தலில் வேண்டாம் எங்கேயோ விழுந்துவிட்டது, அப்புறம் தேடினாலும் கிடைக்கவில்லை. உள்ளே வந்தாயிற்று, அதுவும் எங்கே, எடுத்த எடுப்பில் அடுப்படிக்கு, மாமியார் வீட்டில் புதுப்பெண் கால் வைக்க மாதக்கணக்காகும் இடத்துக்கு.

லாம்டாவும் அப்படித்தான் என்று ஜூனாலி ஒருநாள் இட்லித்தட்டை வைத்துக்கொண்டு சொன்னாள். இது புரோட்டான் குழி, இது நியூட்ரான் குழி, ஒரு குழிக்குள் மாவு விட்டாயிற்று என்றால் இன்னொரு கரண்டி விடமுடியாது, உள் குழிகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருகிறது வெளி வரிசையில்தான் உட்காரவேண்டும், அதுதான் சட்டம். ஆனால் லாம்டா அந்த ஜாதியே இல்லை, அதனால் அந்தச் சட்டம் அதற்கில்லை, நேராக நட்டநடுக் குழிக்குப் போய் உட்கார்ந்துவிடும். "சண்டை வராதா?" என்றாள் தமயந்தி. "வராது அத்தை. அது நடுவுல உட்கார்ந்ததும் மத்தவங்கெல்லாம் இன்னும் கிட்ட வந்துடுவாங்க. கரு சுருங்கிடும். அளந்து பார்த்திருக்காங்க." தமயந்தி இட்லித்தட்டையே பார்த்தாள். இந்த வீட்டில் அப்பாவும் மகனும் நேராகப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. பேச்செல்லாம் அவள் வழியாகத்தான், அவன் இருக்கும்போதே "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார், "எனக்குப் பசியில்லைன்னு சொல்லும்மா" என்பான், கடிதம் கொண்டு போகிற தபால்காரி மாதிரி அவள் நடுவில் நின்று இருவர் சொன்னதையும் திருப்பித் திருப்பிச் சொல்லி, ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது, யாரும் இதை ஒரு நோயாக நினைப்பதில்லை. வந்த மூன்றாம் நாளே, அரைகுறைத் தமிழில், எல்லாரையும் பூனையைக்கூட நீங்க என்று சொல்லும் அந்தத் தமிழில், அந்தப் பெண் மாமனாரைப் பார்த்து, "மாமா, அவர் உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். நீங்களே சொல்லுங்க, அத்தைக்குக் கை வேலை இருக்கு" என்றாள். கரண்டி நின்றது. நவநீதன் தட்டைப் பார்த்தான். இன்றைக்கு வீடு இரண்டாகிறது என்று தமயந்தி நினைத்தாள். ஞானசம்பந்தம் மெதுவாகத் திரும்பி, தொண்டையைச் செருமி, "சாப்பிடுடா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வீடு எப்படிச் சுருங்கியது என்று அளக்க எந்த மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முழங்கை இடிக்கச் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் அவை நிலைப்பதில்லை. அதையும் அவளே சொன்னாள், தட்டைக் கழுவிக்கொண்டே, ஏதோ காய்கறி விலை சொல்வது போல, "விசித்திரம் இருக்கற கரு ரொம்ப நேரம் நிலைக்காது அத்தை, லாம்டா போயிடும்." போய்விடும். அடுத்த மாதம் போய்விடும். இரண்டு வருஷம் என்பார்கள், அப்புறம் இன்னும் ஒரு வருஷம் என்பார்கள், அப்புறம் நவநீதனும் இங்கே காலேஜ் வேலையை விட்டுவிட்டு அங்கே போவான், அப்புறம் இந்த மேஜையில் எதிரும் புதிருமாக இரண்டு கிழங்கள், பேசவேண்டியதைப் பேசாமல் பேசிக்கொண்டு, பல்லில் மாட்டிய கள்ளனைத் தட்டோரத்தில் வைத்துக்கொண்டு. தமயந்தி கையிலிருந்த பூவைக் கிண்ணத்தில் போட்டாள். கள்ளனை எடுத்தோமா? எடுத்த மாதிரிதான். அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் நன்றி அத்தை, நன்றி அத்தை என்று சொல்லும், தண்ணீர் கொடுத்தால் நன்றி, துண்டை எடுத்துக் கொடுத்தால் நன்றி, "நான் என்ன கடைக்காரியா, வீட்டுக்குள்ள என்னடி நன்றி" என்று எத்தனை முறை கத்தியாயிற்று. அந்தச் சொல்லே தமயந்திக்கு ஆகாது. படித்த கான்வென்டில் மதர் யூலேலியா மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்த பிறகு, அடி வாங்கியவள் நிமிர்ந்து நின்று தேங்க்யூ மதர் என்று கணீரென்று சொல்லவேண்டும், குரல் குறைந்தால் இன்னொரு அடி, அதிலிருந்து நன்றி என்றாலே முட்டியில் வலிக்கும். சொன்னதில்லை, யாருக்கும், அம்மாவுக்குக்கூட. இப்போது யாருக்குச் சொல்வது என்று பார்த்தால், பால் பொங்கியதற்கா, குக்கர் விசிலுக்கா, அவள் கழற்றாமல் வந்த ஷூவுக்கா, வேணாமுக்குப் போய்க்கொண்டிருந்த விரலை ஒவ்வொரு தடவையும் யாரோ லேசாகத் தட்டிவிட்டிருக்கிறார்கள், அந்த யாரோவுக்கா? என்ன பிறவி இது, தானாக ஒரு நல்லதும் செய்யவில்லை, எல்லாம் கை தவறித்தான் நடந்திருக்கிறது, அப்படியும் நடந்திருக்கிறதே, அப்படியும் கிடைத்திருக்கிறதே. கண்ணை முழங்கையால் துடைத்தாள். வாழைப்பூக் கறை கண்ணில் பட்டால் எரியும், அதனால்தான்.

துடைத்த கண்ணைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் மோடத்தின் பச்சை விளக்குகள் இல்லை. எல்லாம் அணைந்திருந்தன. அந்த அடாப்டர் எப்போதும் அப்படித்தான், சுவிட்ச் போர்டில் துளை தளர்ந்துபோய், ஞானசம்பந்தம் பழைய சினிமா டிக்கெட்டை மடித்து இடுக்கில் செருகி வைத்திருந்தார், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று சொன்னால் நாளைக்கு என்பார். உள்ளே குரல்கள் நின்றுவிட்டன. தமயந்தி அசையவில்லை. ஒரு மூச்சு. உள்ளிழுத்து வெளியே விடுகிற ஒரே ஒரு மூச்சு. யார் வந்து என்ன கேட்கப்போகிறார்கள், லைன் போச்சு, அவ்வளவுதான், ஆனலீஸ் கேட்ட கேள்வி பதிலில்லாமல் நிற்கும், அடுத்த கூட்டம் எப்போதோ, பெண் இங்கேயே இருக்கும், இதே மேஜையில், யார் மேலும் குற்றமில்லை. வேணாம் பொத்தானின் மேல் விரல் இருந்தது. இந்தத் தடவை குக்கரில்லை, பாலில்லை, தட்டிவிட யாருமே இல்லை. அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள், நாற்காலி பின்னால் சாய, முறமும் கிண்ணமும் கவிழ, ஆய்ந்ததும் ஆயாததுமாய்ப் பூக்கள் தரையெல்லாம் சிதற, முழங்கால் படாரென்று ஒரு சத்தம் போட, தமயந்தி சுவரிடம் போய் அடாப்டரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"எண்ணெய்க் கை! எண்ணெய்க் கை!" என்று ஞானசம்பந்தம் எழுந்துவிட்டார். "கத்தாதீங்க" என்று கிசுகிசுத்தாள், இன்னொரு கையை முந்தானையில் துடைத்து, கையை மாற்றிக்கொண்டு. சிவப்பு விளக்கு ஒன்று வந்தது. கண் சிமிட்டியது. இந்த மோடம் ஒரு தடவை செத்தால் எழுந்து வர ஒரு யுகம் பிடிக்கும், முதலில் சிவப்பு, அப்புறம் ஒரு பச்சை, அப்புறம் அது யோசிக்கும், என்னத்தை யோசிக்கும் சனியன், வா, வா. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், ஜூனாலி எழுந்து வரப்போகிறாள். "வராதே! உட்காரு! நான் பார்த்துக்கறேன்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள், காலையிலிருந்து கட்டிக்காத்த அமைதியையெல்லாம் அவளே கிழித்து. இரண்டாவது பச்சை. மூன்றாவது. உள்ளே மறுபடி தண்ணீருக்குள்ளிருந்து குரல்கள், ஒரு பெண் குரல், முதிர்ந்த, கறாரான குரல், ஒருவேளை அவள்தான் ஆனலீஸ், மதர் யூலேலியாவின் குரல் போலவே இருந்தது, பாவி. பிறகு ஜூனாலி. நீளமாக, நிறுத்தாமல், பசையைக் கழுவும்போது அது சுருங்குவது பற்றி, அந்தச் சுருக்கத்தைத் தகட்டின் அதே மூலையில் அளந்தது பற்றி, மூன்று புள்ளிகளையும் இணைக்கும் கோடுகளில் எங்கும் இடைவெளி இல்லை என்பது பற்றி, தமயந்திக்கு எல்லாம் தெரியும், தோசை திருப்பிக்கொண்டே கேட்டது, வாய் தானாக அசைந்தது. சொல்லு. நல்லாச் சொல்லு. அவ கேட்டா திருப்பிக் கேளு. கையை எடுத்தால் விளக்கு அணையும், எடுக்காமல் நிற்கவேண்டும். தோள்பட்டை இழுத்தது. முழங்கால் தீயாக எரிந்தது. நின்று பழகாதவள், பேருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் ஆட்டோவைக் கைகாட்டுகிறவள், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "நான் பிடிக்கறேன், நீ உட்காரு" என்று ஞானசம்பந்தம் பக்கத்தில் வந்தார். "வேணாம்" என்றாள், பல நாளைக்கப்புறம் அந்தச் சொல் வாயில் இனித்தது.  அவர் மெதுவாகக் குனிந்து, தரையில் சிதறிய பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டு, மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு பூவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரமோ. கதவு திறந்தது. ஜூனாலி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த மாமியாரையும், வாழைப்பூ ஆயும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை, என்ன பண்றீங்க?" "சுவரு விழாம பிடிச்சிட்டிருக்கேன். என்ன சொன்னாங்க?" அந்தப் பெண்ணின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டது. "ஒத்துக்கிட்டாங்க. ஆனலீஸ்தான் கடைசியா ஒத்துக்கிட்டாங்க. லைன் போனப்ப அவங்க மத்த எல்லாரையும் போகவிடாம பிடிச்சு வெச்சிருந்தாங்களாம், அந்தப் பெண் திரும்பி வருவா, காத்திருங்கன்னு." தமயந்திக்கு அந்த முகம் தெரியாத ஜெர்மன்காரி மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்தது. அங்கே அவளும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஜூனாலி கிட்டே வந்தாள். அடாப்டரைப் பார்த்தாள், கறையேறிய கையைப் பார்த்தாள், எல்லாம் புரிந்த கண்ணோடு, "நன்றி அத்தை" என்றாள். கடைக்காரியா நான் என்று கத்த வாய் திறந்தது. கத்தல் வரவில்லை. அந்தச் சொல்லை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள், திருப்பிக் கொடுக்க அதே சொல் தன்னிடமும் இருந்தது என்று தெரிந்தது, ஆனால் அது முட்டியிலேயே நின்றது, மேலே ஏறவில்லை. "கைய எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அத்தை, நவநீதனுக்கு வீடியோல சொல்லணும்." "சொல்லு" என்றாள் தமயந்தி, "நிதானமாச் சொல்லு, நான் எங்கேயும் போகலை."

உள்ளேயிருந்து அஸ்ஸாமியமும் தமிழும் கலந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பச்சை விளக்குகள் நிலையாக எரிந்தன. மேஜையில் ஞானசம்பந்தம் ஒரு பூவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, "இதுல கள்ளனே இல்லியே, கிண்ணத்துல போட்டுடவா?" என்றார்.

"அவசரப்படாதீங்க" என்றாள் தமயந்தி, கையை எடுக்காமலே. "திரும்ப ஒரு தடவை பாருங்க. இருக்கும்."